கரை எங்கே ஆரம்பிக்கிறது

மே 4

அண்ணிக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்திருப்பீர்கள். பரவாயில்லை, சுளித்துக்கொண்டே படியுங்கள். ஃபோனில் பேசலாம் என்றுதான் நினைத்தேன். உங்கள் நம்பருக்கு அடித்தால் நாலு வருஷமாக ஒரு தடவை ஒலித்து நின்றுவிடுகிறது. என் நம்பரை அடைத்து வைத்திருக்கிறீர்கள் என்று புரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்கும் புத்தி இருக்கிறது. அண்ணனுக்கு அடித்தால் "ம்" என்கிறான். நான் எது சொன்னாலும் "ம்"தான். அதை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது. அந்த வீட்டில் முடிவெடுக்கிறவர் நீங்கள், அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

எனக்கு நாலாவது மாதம். முந்தைய இரண்டும் தங்கவில்லை. முதலாவது கலைந்தது எப்படியோ உங்கள் காதுக்கு வந்து, அண்ணனிடம் ஆரஞ்சுப் பழம் கொடுத்தனுப்பினீர்கள். தானே வாங்கியதாக அவன் சொன்னான். அண்ணனுக்குப் பழம் பார்த்து வாங்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியாதா? இரண்டாவதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. இந்த முறை நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறதாம். படி ஏறக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, முடிந்தவரை படுத்தே இருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். நான் குடியிருப்பது மூன்றாவது மாடி. தண்ணீரைக் கீழேயிருந்து தூக்க வேண்டும். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டு மாப்பிள்ளை (நீங்கள் அப்படிச் சொல்ல மாட்டீர்கள், நானே சொல்லிக்கொள்கிறேன்) ரொம்ப தூரத்தில் ஒரு துறைமுக வேலையில் லாரி ஓட்டுகிறார். பாதியில் விட்டு வந்தால் வேலை போய்விடும்.

அவர் பேச்சை எடுத்தாலே உங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். நம் தீவையும் அக்கரையையும் பிரித்த கிளையாற்றில் மண் கொட்டி மூடிய லாரிகளில் ஒன்று அவருடையது. அதற்கு நான் என்ன செய்யட்டும்? ஊரில் எத்தனையோ பேர் இருக்க, எனக்கு அந்த லாரிக்காரரைத்தான் பிடித்தது. நான் கிளம்பிய அன்று, ஆறு இன்னும் முழுதாக மூடாத சமயம், படகில் கால் வைக்கும்போது, கரையில் நின்று நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நாங்களா வந்து கூட்டிட்டு வந்தாலொழிய நீ இந்தக் கரைய மிதிக்கக் கூடாது." நானும் வீம்புக்குத் தலையாட்டினேன். இன்றுவரை மிதிக்கவில்லை.

பிரசவம் முடியும்வரை கீழறையில் ஒரு மூலை கிடைத்தால் போதும். வரலாமா? முடியாது என்றால் முடியாது என்றே எழுதுங்கள். தயவுசெய்து "ம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


மே 7

நாத்தனாருக்கு,

மூன்றாவது மாடியாம், கீழேயிருந்து தண்ணீர் தூக்குகிறாளாம். அந்த வீட்டைப் பிடிக்கும்போது புத்தி எங்கே மேயப் போயிருந்தது?

உன் நம்பரை அடைத்தது உண்மை. கோபத்தில் ஃபோனில் எதையோ அமுக்கினேன். எப்படித் திறப்பது என்று தெரியவில்லை. ஃபோன் கடைக்காரரிடம் கேட்டால் யாரை அடைத்தீர்கள், ஏன் அடைத்தீர்கள் என்பார். மறுநாள் ஊரே கேட்கும். கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடிதத்தை உன் அண்ணனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, நீ சொன்ன மாதிரியே, "ம்" என்றார். பிறகு எழுந்து போய்க் கீழறையில் அடைத்து வைத்திருந்த பழைய படகு எஞ்சின் சாமான்களையெல்லாம் தானே தூக்கி வெளியே போட்டார். அவருக்கு இப்போது மோட்டார் சைக்கிள் ரிப்பேர்தான் தொழில், அந்தச் சாமான்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனாலும் அந்த அறையைக் காலி செய்யச் சொல்லித் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன், அசைந்ததில்லை. தங்கச்சி என்றதும் அசைகிறது.

இரண்டாவது கலைந்ததை ஏன் சொல்லவில்லை என்று நேரில் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு ஒழுங்கான பதிலோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் வா.

அண்ணி


மே 11

அண்ணிக்கு,

நேற்று வந்தேன். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

பஸ்ஸில் கண்டக்டர் இன்னும் "படகுத்துறை, படகுத்துறை" என்றுதான் கூவுகிறார். அக்கரையிலேயே இறங்கி, துறையின் கடைசிப் படியில் பையை வைத்து உட்கார்ந்தேன். தண்ணீர் ஓடிய இடத்தில் இப்போது முழுக்கப் புல். ஆடு மேய்கிறது. பக்கத்திலேயே ரோடு போகிறது. அங்கிருந்து பார்த்தால் நம் வீட்டு மொட்டை மாடி பளிச்சென்று தெரிகிறது. நீங்கள் வந்து வெள்ளைத் துணிகளைக் காயப்போட்டீர்கள். எழுந்து நின்று கையைக்கூட ஆட்டினேன். என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகும் அண்ணனாவது வருவான் என்று உட்கார்ந்திருந்தேன். வெயில் உச்சிக்கு வந்ததும் திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன். வா என்று எழுதிவிட்டு, வந்து நிற்பதையும் பார்த்துவிட்டு, யாரையும் அனுப்பாமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று விளங்காத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. கோபம் தீரவில்லை என்று கடிதத்திலேயே எழுதியிருந்தால், வலித்தாலும் பேசாமல் இருந்திருப்பேன்.

மறுபடி மாடி ஏறியதில் கொஞ்சம் சிரமமாகிவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. இனி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

நாத்தனார்


மே 11

நாத்தனாருக்கு,

வரப் பிடிக்கவில்லை என்றால் சொல்லித் தொலைத்திருக்கலாமே.

சனிக்கிழமை ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டு வந்து அறையைக் கழுவினேன். எங்கள் ஆஸ்பத்திரியில் உன்னைப் போன்றவர்களுக்குக் கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தி வைப்பார்கள். அதனால் உன் அண்ணனைவிட்டுக் கால்பக்கத்தில் செங்கல் அடுக்கச் சொன்னேன். விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் துவைத்து மாடியில் போட்டேன். பதினைந்து வருஷமாக ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்துத் தேய்க்கிறவள், என் வீட்டுத் துணியை அவ்வளவு அக்கறையாக ஒரு நாளும் துவைத்ததில்லை. உனக்குப் பிடிக்கும் என்று குழம்பில் புளியைக் குறைத்தேன். அது வேறு வாயில் வைக்க முடியவில்லை.

உன் அண்ணன் சவரம் செய்துகொண்டு காலையிலிருந்து வாசல் கேட்டில் நின்றார். ஒவ்வொரு பஸ்ஸும் தெருமுனையில் நிற்கும்போது எட்டி எட்டிப் பார்த்தார். ரோடு நம் வாசலுக்கே வந்துவிட்டது. அக்கரையிலிருந்து ஒரு மூச்சில் வந்து இறங்கிவிடலாம். கதவு முழுக்கத் திறந்து கிடந்தது, மதியம்வரைக்கும் ஒரு ஈகூட வரவில்லை. சாப்பிடக் கூப்பிட்டதற்கு "பசிக்கல" என்றார். உன் அண்ணன் பசிக்கவில்லை என்று சொல்லி நீ எப்போதாவது கேட்டிருக்கிறாயா?

என்னைப் பழி வாங்கு, வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் என்ன பாவம் செய்தார்?

அண்ணி


மே 13

அடி வாலு,

உன் கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. படகுத்துறையில் உட்கார்ந்தாயா? படகே இல்லாத துறையில், எதற்கடி?

இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் உறைத்தது. நம் ஊர் வழக்கம் எனக்கு மறந்தே போய்விட்டது. தண்ணீர் இருந்தவரை நம் ஊரில் "வா" என்றால், அக்கரைக்கு வந்து நில், நாங்கள் படகோடு வந்து கூட்டிக்கொள்கிறோம் என்று அர்த்தம். தானாகப் படகு பிடித்து வந்து இறங்குபவன் சண்டைக்கு வந்தவனாக இருப்பான், இல்லாவிட்டால் சொத்தில் பாகம் கேட்க வந்தவனாக இருப்பான். அதிலும் உன்னிடம் நான் அன்றைக்கு அப்படிப் பேசியிருக்கிறேன். நீ எப்படித் தானாக நடந்து வருவாய்? நான் தினமும் அந்த ரோட்டில் ஸ்கூட்டரில் போய்வந்து பழகிவிட்டேன். வா என்றால் வந்துவிடுவாய் என்று வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். நீ அங்கே காத்திருக்க, நாங்கள் இங்கே காத்திருக்க, நடுவில் ஆடு மேய்ந்திருக்கிறது.

இந்தக் கூத்து நம் வீட்டில் மட்டும் இல்லை. எதிர்வீட்டுத் தையல்காரரின் பெரியப்பா, இங்கேயே பிறந்து வளர்ந்தவர், போன மாசம் கார் வைத்துக்கொண்டு வந்தவர் துறையிலேயே காரை நிறுத்திவிட்டு, கூட்டிப் போக ஆள் வரவில்லை என்று கோபித்துக்கொண்டு திரும்பிவிட்டார். காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாராம், ஏசி போட்டுக்கொண்டு. அதிலிருந்து டீக்கடையில் தினமும் இதே பேச்சு. தண்ணீர் இருந்தபோது எங்கே போய்க் கூட்டி வர வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது எங்கே போய் நிற்பது? பெட்ரோல் பங்க் என்கிறார் ஒருவர். பஸ் நிறுத்தம் என்கிறார் இன்னொருவர். அவனவன் வீட்டு வாசலே போதும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். நேற்றுவரை நானும் அந்தக் கட்சிதான்.

இன்று வேலை முடிந்து வரும்போது ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அந்தக் கடைசிப் படியில் உட்கார்ந்து பார்த்தேன். நிழல் என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை. நாலு மாசக்காரியை இந்த வெயிலில் உட்கார வைத்தேனே என்று நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆட்டுக்காரர் என்னம்மா என்றார், கண்ணில் தூசி என்றேன்.

நீ கையை ஆட்டியதைப் பார்த்துவிட்டு நான் உள்ளே போனேன் என்று எழுதியிருக்கிறாய். சத்தியமாகப் பார்க்கவில்லை. எனக்குத் தூரத்தில் இருப்பது எதுவும் சரியாகத் தெரிவதில்லை. கண்ணாடி போட்டால் கிழவி என்பார்கள் என்று போடாமல் இருக்கிறேன். லென்ஸ் தேய்க்கிறவளுடைய அண்ணிக்குக் கண் தெரியவில்லை, போதுமா? சிரித்துக்கொள்.

இப்போது சிரிக்காமல் பதில் சொல். சிரமம் என்றால் என்ன சிரமம்? ரத்தமா? நேராக எழுது. எதுவாக இருந்தாலும் நாங்கள் கிளம்பி வருகிறோம்.

அண்ணி


மே 15

அண்ணிக்கு,

இதை என்னோடு வேலை செய்கிற பெண் நேரில் கொண்டு வந்து தருவாள். உங்கள் கடிதங்களையும் அவள்தான் வீட்டிலிருந்து எடுத்து வந்தாள். அவசரத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்ததில் சார்ஜரை எடுக்க மறந்துவிட்டேன், ஃபோன் செத்துக் கிடக்கிறது.

ரத்தம்தான் அண்ணி. முதலில் கொஞ்சம்தான் இருந்தது. நேற்றுக் கூடிவிட்டது. கீழ்வீட்டு அம்மா ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்து சேர்த்தார்கள். படுக்கையைவிட்டு இறங்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். நாளைக் காலையில் ஸ்கேன். அதற்குப் பிறகுதான் எதையும் சொல்ல முடியும் என்கிறார்கள். போன இரண்டு தடவையும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

அவருக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் லாரியோடு கிளம்பி வந்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்பார்.

உங்கள் மேல் கோபம் இல்லை. இரண்டு கடிதங்களையும் அடுத்தடுத்துப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, பக்கத்துக் கட்டில்காரி பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டாள். ஆனால் ஒன்று. உங்கள் வாசல் கதவு திறந்திருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்திருந்தாலும் நான் நடந்து வந்திருப்பேனா என்று தெரியவில்லை. எழுந்து ரோட்டோரம்வரை போனேன். கால் வரவில்லை. அவர் கொட்டிய மண்ணின் மேல் நான் தனியாக நடந்து வந்து உங்கள் முன்னால் நிற்பது, ஜெயித்துவிட்டோம் பார் என்று காட்டுவதுபோல இருக்கும் என்று தோன்றியது. எனக்கு ஜெயிக்க வேண்டாம். யாராவது வந்து கையைப் பிடித்தால் போதும் என்றிருந்தது.

பயமாக இருக்கிறது அண்ணி. அவ்வளவுதான். வேறு எதுவும் எழுத வரவில்லை.

வாலு


மே 16, ஆஸ்பத்திரி வாசல்

வாலு,

கீழேதான் இருக்கிறேன். உன் அண்ணனும் இருக்கிறார். பார்வையாளர் நேரம் சாயங்காலம்தான் என்று இந்தக் காவலாளி மறிக்கிறார். நானும் ஆஸ்பத்திரிக்காரிதான் என்றேன். "அப்ப ரூல்ஸ் உங்களுக்கே தெரியுமேம்மா" என்கிறார். இந்தச் சீட்டை நர்ஸ் கொண்டு வந்து தருவார். மருந்துக்கடைப் பையில் எழுதியிருக்கிறேன், பின்பக்கம் காலியாக இருக்கிறது. ஸ்கேன் முடிந்ததும் ஒரு வார்த்தை எழுதியனுப்பு. எது என்றாலும் எழுது. நாங்கள் இங்கேயிருந்து நகர மாட்டோம்.

அண்ணி


(அதே பையின் பின்பக்கம்)

அண்ணி,

துடிப்பு இருக்கிறது. திரையைத் திருப்பி எனக்கும் காட்டினார்கள். ரத்தம் குறைந்திருக்கிறதாம், குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லையாம். படுத்துக்கொண்டே எழுதுவதால் எழுத்து கோணல். அண்ணனிடம் சொல்லுங்கள். முதலில் அண்ணனைச் சாப்பிடச் சொல்லுங்கள்.


மே 19

வாலு,

நாளைக்கு உன்னை அனுப்பிவிடுவார்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்வையாளர் நேரத்தில் வந்தால் நீ பேசிக்கொண்டே இருக்கிறாய், நான் சொல்ல வந்ததைச் சொல்ல முடிவதில்லை. அதனால் எழுதி, சாயங்காலம் உன் தலையணைக்கு அடியில் வைக்கிறேன்.

அன்றைக்கு மருந்துப்பையைப் படித்துக் காட்டியதும் உன் அண்ணன் "ம்" என்று சொல்லவில்லை. அந்தக் காவலாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பாவம், அந்த மனுஷன் என்ன செய்வதென்று தெரியாமல் முதுகைத் தட்டிக்கொடுத்தார். பிறகு மூன்று பேரும் டீ குடித்தோம்.

உன் வீட்டுக்காரரிடம் நானே பேசினேன், உன் அண்ணன் ஃபோனில். விஷயத்தைச் சொன்னதும் மறுபக்கத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. எனக்கு என்ன பேசுவது என்று தெரியாமல் திட்ட ஆரம்பித்துவிட்டேன். "மண்ணக் கொட்டினீங்களே, கொஞ்சம் சமமா கொட்டியிருக்கக் கூடாதா? பிள்ளத்தாச்சிய குலுங்காம கூட்டிட்டு வர வேண்டாமா?" என்றேன். "தப்புதாங்கக்கா" என்றார் உடனே. அந்த "தப்புதாங்கக்கா"வுக்குப் பிறகு அந்த ஆளை என்னவென்று கோபித்துக்கொள்வது? வைக்கும்போது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை என்று என் வாயிலிருந்தே வந்துவிட்டது. நீ கேட்கவில்லையே என்றுதான் வருத்தம்.

ஒன்று சொல்லட்டுமா? அந்த ரோட்டை நான் திட்டாத திட்டு இல்லை. ஆனால் அன்றைக்கு உன் தோழி கடிதம் கொண்டு வந்ததும் நாங்கள் கிளம்பி, அவள் காப்பி குடித்து முடிப்பதற்குள் அக்கரையில் இருந்தோம். தண்ணீர் இருந்திருந்தால் அது வற்றும் நேரம், ஏறும் நேரம் பார்த்துப் படகை இறக்கியிருக்க வேண்டும். கையைப் பிசைந்துகொண்டு கரையில் நின்றிருப்பேன். இதை ஊரில் யாரிடமும் சொல்லிவிடாதே, என் மானம் போய்விடும்.

டீக்கடைக்காரர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், எங்கே போய்க் கூட்டி வருவது என்று. நான் முடிவு செய்துவிட்டேன். நம் வீட்டுக்குக் கரை இனிமேல் நீ படுத்திருக்கிற கட்டில். அங்கே வந்து கூட்டிக்கொள்கிறேன். நீ எழுந்து உட்கார வேண்டாம், பையைத் தூக்க வேண்டாம், செருப்பைக்கூடத் தேட வேண்டாம். நாளைக் காலையில் நான் வரும்வரை அந்தக் கட்டிலைவிட்டு இறங்கினாய் என்றால் தொலைத்துவிடுவேன்.

அண்ணி


ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் வேலைக்குப் போயிருக்கிறீர்கள். அண்ணன் பட்டறையில். நான் உங்கள் வீட்டுக் கீழறையில், செங்கல் வைத்த கட்டிலில், தலை கீழேயும் கால் மேலேயுமாகப் படுத்துக்கொண்டு, மார்பின் மேல் அட்டையை வைத்து இதை எழுதுகிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று கேட்பீர்கள். நேரில் சொன்னால் "சரி சரி, முதல்ல சாப்பிடு" என்று வாயை அடைத்துவிடுகிறீர்கள்.

என்னைக் கூட்டி வந்த அன்றைக்கு நன்றி சொல்ல விடவில்லை. வாடகை வேனில் நான் படுத்திருந்தேன். அண்ணன் ஓட்டிய வேகத்துக்கு சைக்கிள்காரர்களெல்லாம் முந்திக்கொண்டு போனார்கள். நீங்கள் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் மாப்பிள்ளையை ஒரு திட்டு திட்டினீர்கள். தண்ணீர் இருந்த இடத்தை எப்போது கடந்தோம் என்று எனக்குத் தெரியவே இல்லை. ஜன்னல் என் பார்வைக்கு மேலே இருந்தது, வானம்தான் தெரிந்தது. வந்தாச்சா என்று கேட்டேன். "எப்பவோ வந்தாச்சு" என்றீர்கள். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. நாலு வருஷம் எதைக் கடக்கப் பயந்தேனோ, அது தெரியாமலேயே பின்னால் போய்விட்டது.

அவர் அடுத்த மாசக் கடைசியில் பத்து நாள் லீவில் வருகிறார். நீங்கள் பஸ் நிலையத்துக்கே போய்க் கூட்டி வரப் போவதாக அவரிடம் சொன்னீர்களாமே. மனுஷன் பயந்துபோய், என்ன சட்டை போட்டுக்கொண்டு வரட்டும் என்று என்னிடம் கேட்கிறார்.

இதையெல்லாம் எழுதுவதற்காக அட்டையை எடுக்கவில்லை. நான் எழுத வந்தது வேறு. இன்று காலை நீங்கள் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போன பிறகு, சும்மா படுத்திருந்தேன். வயிற்றுக்குள் ஏதோ புரண்டதுபோல இருந்தது. வாயு என்று நினைத்தேன். பிறகு மறுபடி. இந்தப் பக்கம் ஒரு தட்டு, கொஞ்சம் பொறுத்து அந்தப் பக்கம் ஒரு தட்டு. போன இரண்டும் இதுவரை வந்ததே இல்லை அண்ணி. எனக்கு இது எப்படி இருக்கும் என்றே தெரியாது. ஆனால் தெரிந்துவிட்டது. இது அதுதான்.

வீட்டில் சொல்ல ஒரு ஆள் இல்லை. உங்களுக்கு அடித்தேன். ஒரு தடவை ஒலித்து நின்றுவிட்டது. அதை முதலில் திறந்து தொலையுங்கள், கடைக்காரர் என்ன கேட்டால் என்ன? அவருக்கு அடிக்கலாம்தான். ஆனால் முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தது. அதனால் எழுதி வாசல் நிலையில் செருகச் சொல்லி எதிர்வீட்டுத் தையல்காரர் மகளிடம் கொடுக்கப் போகிறேன்.

இதைப் படித்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக உள்ளே வந்து கையை வையுங்கள். நான் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்புங்கள்.

வாலு